காணி திரும்பிய பிறகு வரைபடத்தை யார் வரைவது?

இந்தக் கைந்நூலின் ஏனைய பகுதிகளில் மீள்குடியேற்றப் பதிவு, காணித் துப்புரவு, தற்காலிகக் கொட்டில், வீட்டுத்திட்டத் தெரிவு ஆகியவற்றைப் பற்றி வாசித்திருப்பீர்கள். வளவுக்குள் மீண்டும் கால் வைத்த முதல் மாதங்களில் அவைதான் அவசரமானவை. இந்தப் பகுதி சற்றுப் பிந்தி வருகிற ஒரு கேள்வியைப் பற்றியது. உங்கள் காணி சந்தியடியிலோ, துறைமுகத்துக்குப் பக்கத்திலோ, பழைய சந்தைக் கட்டிடத்தைச் சுற்றியோ இருந்தால், ஒரு நாள் 'நகர அபிவிருத்தித் திட்டம்' என்ற பெயரில் ஒரு வரைபடம் உங்கள் முன்னால் விரிக்கப்படலாம்.

அப்படியொரு கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்திருக்கிறேன். வரைபடம் ஏற்கெனவே வண்ணத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பேருந்து நிலையம் நீலம், கடைத்தொகுதி மஞ்சள், பூங்கா பச்சை. வயதான அம்மா ஒருவர் எழுந்து அருகில் போய் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, இதிலை எங்கடை கிணறு எங்கை?" என்று கேட்டார். வரைந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு கிணறு இருந்ததே தெரியாது. பச்சை நிறத்துக்குள் அது போய்விட்டிருந்தது.

இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு, கடைசியில் வரைபடத்தைத் தாங்களே வரையத் தொடங்கிய மக்கள் கனடாவில் இருக்கிறார்கள். மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் நகரின் பூர்வகுடி மக்கள் அவர்கள். (மூதூர், வாகரைப் பக்கங்களில் வாழும் தமிழ் பேசும் வேடர் சமூகத்தை அறிந்தவர்களுக்குப் 'பூர்வகுடி' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் குடியேறுவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள்.) அவர்களுடைய சட்டம் வேறு, பணபலம் வேறு. அங்கு நடந்ததை அப்படியே இங்கு செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காணி கைக்கு வந்த பிறகு எதை முதலில் செய்தார்கள், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

ஸ்குவாமிஷ் என்ற பூர்வகுடியினருக்கு வன்கூவர் நகரின் கடல்வாய் ஓரத்தில் செனாக் என்றொரு ஊர் இருந்தது. மீன்பிடியும் வேட்டையும் தோட்டமும் உள்ள ஊர். 1869 இல் அரசு அதை அவர்களுக்கான ஒதுக்கு நிலமாக அடையாளமிட்டது. 1877 இல் அது ஏறத்தாழ 80 ஏக்கராக விரிவாக்கப்பட்டது. பிறகு நகரம் வளர்ந்தது. புகையிரதப் பாதைக்கென்று ஊரின் ஒரு துண்டு எடுக்கப்பட்டது, பின்னர் இன்னொரு துண்டு. 1913 இல் மாகாண அரசு, மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமலே, எஞ்சியிருந்த குடும்பங்களுக்கு ஒரு தொகைப் பணத்தைக் கொடுத்து வெளியேற்றியது. குடும்பங்கள் ஒரு பெரிய தோணியில் ஏற்றப்பட்டன. வீடுகள் எரிக்கப்பட்டன. பின்னாளில் அந்த இடத்தில் ஒரு பெரிய பாலமும், படையினரின் கட்டிடமும், பியர் தொழிற்சாலையும், பூங்காவும் வந்தன. பக்கத்துக் குடியிருப்புக்குக் கிட்சிலானோ என்று பெயர். செனாக்குடன் தொடர்புடைய காற்சலானோ என்ற தலைவரின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. ஊரவரை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்குவாமிஷ் மக்கள் 1970களில் வழக்குக்குப் போனார்கள். பல ஆண்டுகள் இழுபட்ட பிறகு 2000 ஆம் ஆண்டில் மத்திய அரசுடன் ஓர் இணக்கம் ஏற்பட்டது. 92.5 மில்லியன் டொலர் நட்டஈடு கிடைத்தது, ஆனால் இழந்த ஊரின் பெரும்பகுதி திரும்பவில்லை. புகையிரதக் கம்பனி வைத்திருந்த துண்டுக்கு மட்டும் வேறொரு வாதம் இருந்தது. அந்தக் காணி எடுக்கப்பட்டது புகையிரதத் தேவைக்காக. அந்தப் பாதை கைவிடப்பட்ட பின்னர் காணியை வைத்திருக்கக் கம்பனிக்கு என்ன உரிமை? 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ பத்தரை ஏக்கர் அவர்களிடம் திரும்பி வந்தது. எண்பது ஏக்கரில் பத்தரை ஏக்கர், அதுவும் பாலத்தின் கால்களைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஒழுங்கற்ற துண்டு.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 'எந்த நோக்கத்துக்காக எடுத்தீர்கள்?' என்ற கேள்விதான் அந்தப் பத்தரை ஏக்கரை மீட்டது. நமது நாட்டின் காணி எடுத்தற் சட்டத்திலும் அரசு காணி எடுப்பதாயின் அது ஒரு 'பொதுத் தேவைக்காக' இருக்க வேண்டும். 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுக்கப்போவதாக மரங்களிலும் மதில்களிலும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, மக்கள் நூற்றுக்கணக்கில் நீதிமன்றம் போனது இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டுதான். உங்கள் காணி பற்றிய எந்த அறிவித்தல் வந்தாலும், அதில் என்ன நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் காகிதம் தேவைப்படலாம்.

சரி, பத்தரை ஏக்கர் வந்துவிட்டது. நகரத்தின் நடுவில், பொன்விலை பெறும் நிலம். என்ன செய்வது?

உடனே எதுவும் செய்யவில்லை என்பதுதான் எங்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது. காணி கிடைத்தது 2003 இல். அதில் என்ன கட்டுவது என்று மக்களிடம் வாக்குக் கேட்டது 2019 டிசம்பரில். இடையில் பதினாறு ஆண்டுகள். கொட்டிலில் மழை ஒழுகும்போது பதினாறு ஆண்டு காத்திருக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, நாங்களும் சொல்லவில்லை. குடியிருக்க ஒரு கூரை என்பது வேறு, நகரக் காணியை நூறு ஆண்டுக்கு ஒரு பயன்பாட்டில் கட்டிப்போடுவது என்பது வேறு. முதலாவது விரைவாக நடக்க வேண்டும். இரண்டாவதில் அவசரப்படுத்துபவர் யார், அவருக்கு ஏன் அவசரம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2019 வாக்கெடுப்பில் கேட்கப்பட்டது என்ன தெரியுமா? காணியை விற்பதா என்பது அல்ல, அது கூட்டாகச் சொந்தமான ஒதுக்கு நிலம். நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்து அதில் கட்டலாமா, ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்துடன் இன்ன நிபந்தனைகளில் கூட்டுச் சேரலாமா என்பவைதான் கேள்விகள். காணிக்கான கேள்வி தனி, வியாபார நிபந்தனைக்கான கேள்வி தனி. ஸ்குவாமிஷ் மக்கள் மொத்தம் ஏறத்தாழ 4,000 பேர். ஒதுக்கு நிலத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கும் வாக்கு இருந்தது. வாக்களித்தோரில் 87 வீதமானோர் காணிப் பயன்பாட்டுக்குச் சம்மதித்தார்கள். வியாபார நிபந்தனைகளுக்குக் கிடைத்த ஆதரவு அதைவிடச் சற்றுக் குறைவு. இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டுவோம் என்று சொன்ன சிலர், இந்த விலைக்கு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் அந்தக் குரல் கேட்டிருக்காது. நமது கூட்டங்களில் பெரும்பாலும் "திட்டத்துக்கு எல்லோரும் சம்மதம்தானே?" என்று ஒரே கேள்விதான் வரும், கைகளும் உயரும். தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

வெளியே வாழ்பவர்களின் வாக்கு நமக்கு மிகவும் தொடர்புள்ள விடயம். உங்கள் காணியின் பங்காளிகள் ஒருவர் வவுனியாவிலும், ஒருவர் தமிழகத்து முகாமிலும், இன்னொருவர் ரொறன்ரோவிலும் இருக்கலாம். பிரிக்கப்படாத பங்குக் காணியில் ஊரில் இருப்பவர் மட்டும் போட்ட கையெழுத்து, பின்னர் குடும்பத்துக்குள்ளேயே வழக்காக முடிந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். கூட்டத்துக்கு முன்பே எல்லோரையும் தொலைபேசியில் அழைத்து, யார் யாருக்காகப் பேசலாம் என்பதை எழுத்தில், தேவையானால் அற்றோணித் தத்துவமாக, வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக இதனைச் செய்யலாம்.

வாக்கெடுப்புக்குப் பிறகுதான் அரசு உள்ளே வருகிறது. இதன் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் உரிமை, அடுத்து மக்களின் தீர்மானம், அதன் பிறகே அரசுடன் கூட்டு. செனாக்கில் எழும் பதினொரு கோபுரங்களில் ஆறாயிரம் அளவிலான தொடர்மாடி வீடுகள் திட்டமிடப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை வாடகைக்கானவை. வீட்டை யார் வாடகைக்கு எடுத்தாலும், காணி ஸ்குவாமிஷ் மக்களுடையதாகவே இருக்கும், வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் உண்டு. இதன் முதற் கட்டங்களுக்காக 2022 செப்டெம்பரில் மத்திய அரசு 1.4 பில்லியன் டொலர் வழங்கியது. அது அன்பளிப்பு அல்ல. வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். நமது ஊர்களில் 'உதவி' என்ற ஒரே சொல்லுக்குள் மானியமும் கடனும் ஒன்றாகக் கலந்து விடுகின்றன. வீட்டுத்திட்டமோ கடைத்தொகுதியோ, கிடைப்பது எது என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

வன்கூவர் மாநகர சபையோடு செய்த உடன்பாடு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒதுக்கு நிலத்தில் மாநகர சபையின் கட்டிட விதிகள் செல்லாது. எத்தனை மாடி என்பதை ஸ்குவாமிஷ் மக்களே தீர்மானிக்கிறார்கள். ஆனால் தண்ணீர்க் குழாயும், கழிவுநீர்க் குழாயும், தீயணைப்பு வண்டியும், பொலிசும் மாநகரத்திலிருந்துதான் வரவேண்டும். ஆகவே 2022 இல் ஒரு சேவை உடன்படிக்கை எழுதப்பட்டது. மாநகரம் என்ன சேவை தரும், அதற்கு அவர்கள் என்ன கட்டணம் செலுத்துவார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அதன் காலம் 120 ஆண்டுகள். தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று அயல் குடியிருப்பாளர்கள் அந்த உடன்படிக்கைக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். அவர்களது மனு தள்ளுபடியானது.

நாங்கள் பார்த்த பல மீள்குடியேற்றக் கிராமங்களில் இந்தப் பகுதிதான் ஓட்டை. வீடு கட்டி முடிந்திருக்கும், திறப்பு விழாவும் நடந்திருக்கும், ஆனால் உள்வீதி யாருடையது என்று தெரியாது. பிரதேச சபை தனது பட்டியலில் இல்லை என்று சொல்லும். வீதி அபிவிருத்தித் திணைக்களம் தனது வீதி இல்லை என்று சொல்லும். வாய்க்கால் மழைக்கு ஒரு முறை வளவுக்குள் வரும். குப்பை வண்டி சந்தியோடு திரும்பிவிடும். ஆகவே வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போதே, குடிநீர், வடிகால், உள்வீதி, தெருவிளக்கு, குப்பை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான சபை அல்லது திணைக்களத்தின் பெயரைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். 120 ஆண்டு வேண்டாம், ஐந்து ஆண்டுக்கு எழுதினாலும் போதும்.

செனாக் கதை ஒரே மக்களின் சொந்த நிலத்தில் நடந்தது. அதே நகரத்தில், அரசோடு நேரடியாகப் பங்கு சேர்ந்து திட்டமிடப்படும் இன்னோர் இடமும் உண்டு. ஜெரிக்கோ நிலம் என்று அழைக்கப்படும் அது ஏறத்தாழ 90 ஏக்கர். அங்கே பூர்வகுடி மக்களின் பழைய ஊர் இருந்தது. அதன் கிழக்குப் பகுதி நெடுங்காலம் படைமுகாம். இந்த வசனத்தை வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு மயிலிட்டியோ, சம்பூரோ, கேப்பாப்பிலவோ நினைவுக்கு வரும்.

அந்த நிலத்தில் ஸ்குவாமிஷ், மஸ்குவீம், ஸ்லே-வாட்டூத் ஆகிய மூன்று மக்களுக்கும் உரித்துக் கோரிக்கை இருந்தது. எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது யாருடையது என்று நீதிமன்றத்தில் தீர்க்கப் புறப்பட்டிருந்தால் இன்னொரு தலைமுறை போயிருக்கும், அதற்குள் அரசு நிலத்தை வேறு யாருக்காவது விற்றிருக்கவும் கூடும். மூவரும் 2014 இல் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்தார்கள். சமபங்கு, ஒரே மேசை, ஒரே குரல். அதே ஆண்டில் கிழக்குப் பகுதியின் 52 ஏக்கரில் மூவரும் சேர்ந்து பாதிப் பங்கும், மத்திய அரசின் காணிக் கூட்டுத்தாபனம் மறுபாதியும் பெற்றன. மேற்குப் பகுதியின் 38 ஏக்கர் அளவை 2016 இல் மாகாண அரசிடமிருந்து 480 மில்லியன் டொலருக்கு அவர்கள் வாங்கினார்கள்.

ஆம், வாங்கினார்கள். தங்கள் முன்னோரின் நிலத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் 'பயனாளிகள்' என்ற பெயரில் அல்ல, உரிமையாளர் என்ற பெயரில் அவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். கிழக்குப் பகுதியில் அரசுக்கும் அவர்களுக்கும் சரிபாதி என்பதால், ஒருவர் மட்டும் முடிவெடுத்துவிட்டு மற்றவருக்கு அறிவிக்க முடியாது. 'பங்காண்மை' என்ற சொல் நமது அபிவிருத்திக் கடிதங்களில் தாராளமாக வருகிறது. யாரிடம் எத்தனை பங்கு, முடிவெடுக்கும் குழுவில் எத்தனை கதிரை என்று கேட்டால்தான் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியவரும்.

ஜெரிக்கோ நிலம் ஒதுக்கு நிலம் அல்ல. ஆகவே மாநகரத்தின் விதிகள் அங்கே செல்லும். இதனால் திட்டமிடல் மாநகர சபையோடு சேர்ந்து 2019 இலிருந்து நடந்தது. முதியவர்கள் சொன்ன ஊர்க்கதைகளும், பழைய இடப்பெயர்களும், கடற்கரைக்குப் போன பாதைகளும் வரைபடத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அயலவர்களில் ஒரு பகுதியினர் கட்டிடங்களின் உயரத்தை எதிர்த்தார்கள், மாற்றுத் திட்டங்களையும் முன்வைத்தார்கள். 2024 ஜனவரியில் மாநகர சபை கொள்கைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. காலப்போக்கில் ஏறத்தாழ 13,000 வீடுகள் கட்ட அதில் இடமுண்டு. அதில் ஐந்திலொரு பங்கு குறைந்த வருமானமுள்ளோருக்கானது.

இனி நமது வேறுபாடுகளையும் சொல்லிவிட வேண்டும். அங்கே காணி சமூகத்துக்குக் கூட்டாகச் சொந்தம். இங்கே உங்களில் ஒருவரிடம் உறுதி இருக்கும், ஒருவரிடம் அனுமதிப்பத்திரம், ஒருவரிடம் அளிப்புப் பத்திரம், இன்னொருவரிடம் எரிந்த வீட்டோடு போன காகிதத்தின் நினைவு மட்டும். ஒரே சந்தியைச் சுற்றி இந்த நான்கு வகையினரும் இருப்பார்கள். திட்டம் வரும்போது உறுதிக்காரர் தனியாகப் பேசப்படுவார், அனுமதிப்பத்திரக்காரர் தனியாகப் பேசப்படுவார், பத்திரம் இல்லாதவர் அழைக்கப்படவே மாட்டார். மூன்று மக்கள் ஒரே மேசைக்கு வந்த கதை உங்களுக்கு உதவுவது இங்கேதான். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று எதுவாயினும் சரி, நான்கு வகையினரும் சேர்ந்து முதலில் உங்கள் வரைபடத்தை வரையுங்கள். அளவு சரியாக இருக்கத் தேவையில்லை. கிணறு, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மடம், வள்ளம் இழுத்த இடம், மாட்டுப் பாதை, இடிந்த பாடசாலை, சுடலை எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய எல்லைகளை அறிந்த முதியவர்களை இதற்கு அழையுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது வேறு எந்தத் திணைக்களத்திலும் கோவையாக இல்லை.

அரசின் வரைபடத்தைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகம், பிரதேச சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை ஆகிய எதிலும் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதினால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்து உங்களுக்கு அறிவிக்க வேண்டும். 'எமது கிராம அலுவலர் பிரிவில் உத்தேசிக்கப்பட்டுள்ள அபிவிருத்தித் திட்ட வரைபடமும், அதில் அடங்கும் காணித் துண்டுகளின் பட்டியலும்' என்று கேட்டால், எது வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டால், அது உங்கள் காணி எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள்படாது. அந்தப் பகுதியில் காணி தேவைப்படலாம் என்று சொல்லி, அளந்து பார்க்க அதிகாரம் கொடுக்கிற அறிவித்தல் அது. 4 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குக் குறைந்தது 14 நாள் தரப்பட வேண்டும். இறுதித் திகதி அந்த அறிவித்தலிலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஆட்சேபக் கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லலாம். போகும்போது அறிவித்தலின் கைத்தொலைபேசிப் படம், உங்களிடமுள்ள காணிப் பத்திரங்கள், குடும்பப் பதிவு அட்டை, நீங்கள் வரைந்த அந்த வரைபடம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.